கடையில் நன்றாக ஓடியது

லக்கேஜ் டிக்கெட் போட்டே ஆகவேண்டும் என்றார் கண்டக்டர். மடியில் வைத்திருந்த பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது அன்னிக்கு ஏத்திட்டுப் போன அதே கம்ப்யூட்டர்தான? தெப்பக்குளத்துல குளிப்பாட்டி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்களாய்யா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஒரு குலுக்கல் குலுக்கியது. பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன் நான். ஐம்பது கிலோ மூட்டை முதுகில் இருக்கும்போது பீடிக்கு நெருப்புக் கேட்டிருக்கிறேன். இந்தப் பெட்டி அதில் கால்வாசிகூட இராது. ஆனால் மூட்டை விழுந்து பிரிந்தால் பொறுக்கிக் கட்டிவிடலாம். இதற்குள் என் மகளின் பிழைப்பு இருந்தது.

என் மகள் மலர்க்கொடி முன்பு டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்லவேண்டும். ஸ்டூல் போட்டிருந்தார்கள், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் எதிரே வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சைப் பச்சையாகப் புடைத்த பிறகு, இறுக்கமான ஒரு காலுறையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டும் ஒரு வருஷம் நின்றாள். அப்புறம்தான் டைப் படித்து இந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்து அனுப்பவேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை. எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து சம்பாதித்ததில்லை.

மெஷின் மெதுவாக இருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று கம்பெனியில் சொன்னதால், சிங்காரத்தோப்பில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பரக்கத் அலி வந்து புதிதாக மெமரியும் டிஸ்க்கும் மாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் குதிரை மாதிரி ஓடியது. அந்தச் சமயத்தில்தான் என் மனைவி அமிர்தம் போய்ச் சேர்ந்தாள். காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவள், நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறது என்று குடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் மண்டியிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்து மழை பிடித்துக்கொண்டது. பெட்டி அப்போதுதான் கோளாறு பண்ண ஆரம்பித்தது. பாதி டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை நீலமாகிவிடும். நான் நாற்பது வயதுக்கு மேல் யூனியன் ஆபீஸில் எழுத்துக் கூட்டப் படித்தவன். இங்கிலீஷ் எனக்கு ஓடாது. ஆனால் அந்த நீலத்திரையில் முதலில் வருவதை யாரும் படித்துவிடலாம். இரண்டு புள்ளி, ஒரு வளைந்த கோடு. அழுகிற முகம். சில காலைகளில் திரையே வராது, பெட்டிக்குள்ளிருந்து நீள நீளமாக ஒரு சத்தம் மட்டும் வரும். மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தால் தானாகச் சரியாகிவிடும். அதற்குள் அன்றைய வேலையில் பாதி மற்றவர்களுக்குப் போய்விட்டிருக்கும்.

கரண்டு சரியில்லை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவரே ஒரு ஸ்டெபிலைசர் கொண்டுவந்து வைத்தார். வைரஸ் என்றான் அவர் மச்சான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினார்கள். பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தார் பரக்கத் அலி. ஒவ்வொரு தடவையும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போவேன். கண்ணாடி போட்ட ஏசி அறைக்குள் அது பகல் முழுவதும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

"பாருங்கண்ணே. காலைலேருந்து ஓடுது. ஒரு தும்மல்கூட இல்ல" என்றார் பரக்கத் அலி.

"எங்க வீட்டுல மட்டும் ஏன் பாய் இப்படிப் பண்ணுது?"

"அண்ணி வைக்கிற சாம்பார் அதுக்குப் புடிக்கலையோ என்னமோ" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் திருப்புளியைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த தடவ நீங்க தூக்கிட்டு வராதீங்க. நான் வீட்டுக்கு வரேன்" என்றார்.

தொட்டியத்திலிருந்து வந்திருந்த என் அக்கா சந்திரம்மாளுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகவில்லை. "அமிர்தம் கல்லாட்டம் இருந்தா. இதுல அத மாட்டுறேன் இத மாட்டுறேன்னு பிரிச்சுப் போட்டீங்க பாரு, அன்னிலேருந்து வீடு சரியில்லடா தம்பி. தூக்கிக் கடாசிட்டுப் புள்ளைக்கு ஒரு எடத்தப் பாரு" என்று சோற்றுக்கு நடுவில் சொன்னாள்.

"கடாசுனா அம்மா வந்துருமா அத்தை?" என்று கேட்டுவிட்டு மலர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அன்று கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நிலுவை வேலை முழுவதும் வந்து சேராவிட்டால் மலரின் ஐடியை மூடிவிடுவோம் என்றாளாம். மலர் அதை எங்களிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுநாள் கொல்லைக் கொடியில் ஜவுளிக்கடையில் போட்டுக்கொண்டு நின்ற அந்தக் காலுறை இரண்டும் துவைத்துத் தொங்கின. நான் அவற்றை எடுத்து உள்ளே வைக்கலாமா என்று நினைத்து, வைக்காமல் மார்க்கெட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நனைந்துகொண்டே வந்தார் பரக்கத் அலி. கால் துடைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டதும் பெட்டி நீளமாகச் சத்தம் போட ஆரம்பித்தது.

"அழுவட்டும், அழுவட்டும். வைத்தியன் முன்னாடி அழுதாத்தான எங்க வலிக்குதுன்னு தெரியும்" என்றார். எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மூலத்தோப்பில் எங்கள் வரிசை வீடுகளுக்கு மழை வந்தால் சுவர் குளிர்ந்து வியர்க்கும். "கடையில ஏசி, காஞ்சு கெடக்குது. இங்க ஈரம். கரண்டும் இல்ல, வைரஸும் இல்ல. உள்ள எதோ ஒண்ணு ஈரம் குடிக்குது" என்று மூடியைக் கழற்றினார். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். சத்தம் நிற்கவில்லை. "இது நான் மாட்டுனதுதான். நம்ம மாட்டுனதாச்சேன்னு இத்தன நாளு இதத் தொட்டே பாக்கல" என்று சொல்லிக்கொண்டே, விசிறியை ஒட்டிச் செருகியிருந்த மெமரியின் இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்து மெல்ல உருவினார். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

இரண்டு விரல் அகலப் பச்சைத் தகட்டில், விசிறிப் பக்கம் மறைந்திருந்த முகத்தில், ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்திருக்கிறாள். அது வடிந்து, கீழே பெட்டிக்குள் செருகுகிற தங்க நிறப் பல்வரிசைக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் அதை மாட்டியது. வெக்கையாக இருக்கிறது, ரெண்டு நாள் மூடி திறந்தே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். பூஜையன்று என் மூட்டைக் கொக்கிக்கும், அரிவாள்மனைக்கும், கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றிக்கும் அமிர்தம் பொட்டு வைத்ததை எல்லாரும் பார்த்தோம். உள்ளே கைவிட்டு வைத்ததை யாரும் பார்க்கவில்லை. வைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். புதுசாக எது வந்ததோ அதற்கு வைக்காமல் மேலே வைத்து என்ன என்று கேட்கிறவள். புது குக்கர் வாங்கியபோது மூடியைத் திறந்து அடியில் வைத்தவள்.

மலர் என் கையிலிருந்து அதை வாங்கிக் கண்ணுக்கருகில் கொண்டுபோனாள். சந்தனத்தில் மோதிர விரலின் ரேகை, ரேகையாகவே இருந்தது. குறுக்கே ஒரு கோடு ஓடியது. கல்யாணமான புதிதில் பலாக்காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்ட தழும்பு. அந்த விரலை நான்தான் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"சந்தனம் காஞ்சிருந்தவரைக்கும் ஒண்ணும் பண்ணல தங்கச்சி. மழ வந்ததும் ஈரம் குடிச்சு உள்ள இழுத்துருக்கு" என்றார் பரக்கத் அலி.

"பல்ல மட்டும் தொடச்சுட்டு, மேல இருக்கறது இருக்கட்டுமே பாய்" என்றேன்.

"மேல இருக்கறதும் ஈரம் குடிக்கும்ண்ணே. திரும்ப எறங்கும்." சற்று யோசித்தார். "இத நீங்க வச்சுக்கங்க. வேற ஒண்ணு போட்டுடறேன். ஆனா இப்ப கடையில இல்ல. மெட்ராஸ்லேருந்து வரணும், திங்கக்கிழம ஆயிடும்."

மலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். போனை எடுத்துப் பொட்டைப் போட்டோ பிடித்தாள். வெளிச்சம் போதாமல் மஞ்சளாக ஒரு கறைதான் விழுந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் இன்னொன்று எடுத்தாள். அதிலும் ரேகை வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ரப்பர் இருக்காண்ணா?"

"குடும்மா, நான் பண்றேன். பல்லு அழுந்திறக்கூடாது."

"இல்ல, நானே பண்றேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் பையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற வெள்ளை ரப்பரை எடுத்துக் கொடுத்துவிட்டு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுப்படி நிலையில் நின்றிருந்த அக்கா, "அழிக்காதீங்கடா. அவ வச்சதுடா அது" என்றாள். அந்தப் பெட்டியைக் கடாசச் சொன்ன அதே வாய். பழைய பேப்பரை விரித்து, மலர் முதலில் பல்வரிசையைத் தேய்த்தாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு குங்குமத்தில் ஆரம்பித்தாள். தழும்புக் கோடு எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அப்போது அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சமும் ஆடவில்லை.

திரும்பச் செருகி சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு குட்டிச் சத்தம், திரை வெளிச்சமாகியது. மழை ஓட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. பரக்கத் அலி காசு என்று வாயெடுக்கவில்லை, நான் எடுத்தபோதும் கையை அமர்த்திவிட்டு நனைந்துகொண்டே போனார். மலர் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கோ ஒரு டாக்டர், யாருடைய நெஞ்சைப் பற்றியோ, அவள் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

பேப்பரில் ரப்பர் துகள்கள், சில மஞ்சள், சில சிவப்பு, குவியலாகக் கிடந்தன. பெருக்கித் தள்ள மனமில்லை. மடித்து எங்கே வைப்பது, ஆற்றில் விடுவதா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, புழுக்கமாக இருக்கிறதென்று ஃபேனைப் போட்டாள். பேப்பர் ஓரம் தூக்கியது. துகள்கள் தரையெல்லாம் உருண்டன, கொஞ்சம் கீபோர்டின்மேல் போய் விழுந்தன. மலர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்து, எழுத்துகளின் இடுக்கில் கிடந்ததை வாயால் உஃப் என்று ஊதிவிட்டு, மேலே டைப் அடித்தாள்.