கருமாதி சாப்பிட்டவர்கள்

மகள் விஜயலெட்சுமியின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், கோயில் கமிட்டித் தலைவர் கந்தப்பன் இரண்டு ஆட்களோடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் மாரியாயியின் வீட்டு வாசலுக்கு வந்தார். தேத்தண்ணி தீரும்வரை மழையைப் பற்றிப் பேசினார்.

"தங்கச்சி, மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணு கேக்குறாங்க. தாலித் தட்டை நீங்க தூக்கலாமான்னு."

"பெத்தவ நான். வேற யாரு தூக்குறது?"

"அது சரிதான். ஆனா நீங்க சுமங்கலியா இல்லையான்னு கமிட்டிக்கே தெளிவில்ல."

மாரியாயி கழுத்துத் தாலியை வெளியே எடுத்துப் போட்டாள். "கண்ணு தெரியுதுல்ல அண்ணே?"

"தெரியுது. ஆனா கருமாதியும் நடந்திருக்கே."

நடந்தது உண்மைதான். இருபது வருஷத்துக்கு முன், தவறணையில் குடித்துவிட்டு ஒருவனைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக் கொன்றதற்காக அவள் புருஷன் சின்னமுத்துவுக்குப் பதுளைக் கோர்ட்டில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். வெட்டியது அவன்தான்; அதில் மாரியாயிக்குச் சந்தேகமில்லை. தீர்ப்பைக் கேட்கப் போன கந்தப்பன், சிங்களத்தில் சொன்னதில் பாதியைப் புரிந்துகொண்டு, மடுல்சீமை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் "முடிஞ்சுபோச்சு" என்றார். இந்த நாட்டில் எழுபத்தாறுக்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை, தண்டனையை மட்டும் தவறாமல் விதிக்கிறார்கள் என்பது தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. பொணம் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "தூக்குல போட்டா சர்க்காரே பொதைச்சிரும்" என்று விளக்கமும் கொடுத்தார். பதினாறாம் நாள் கருமாதி. சின்னமுத்துவின் தம்பிக்காரன் மொட்டை போட்டான். லயமே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டது. தாலியைக் கழற்ற வந்த பெண்களிடம், "பொணத்தைப் பாக்காம கழட்ட மாட்டேன்" என்று மாரியாயி கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து, கசிப்புச் சாராயக் கேஸில் மறியலுக்குப் போய், சிறையிலிருந்து வந்த ஒருவன், சின்னமுத்து உள்ளே இருக்கிறான், வெத்திலை கேட்டான் என்றான். தோட்டம் வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. தின்ற சோற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாதல்லவா? அதனால் அவன் உயிரோடு இருந்ததையே அவன் செய்த இரண்டாவது குற்றமாக எடுத்துக்கொண்டார்கள்.

"அவர்கிட்டயே ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க," என்றார் கந்தப்பன். "அவரே கழட்டச் சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லது. ஒங்க நாத்தனா தட்டைத் தூக்கட்டும்."

மாரியாயி போனாள், கேட்பதற்காக அல்ல, கல்யாணச் சேதி சொல்ல. கண்டிப் பக்கத்துச் சிறையில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பாதிப் பல் போன சின்னமுத்து நின்றான். கமிட்டி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"கந்தப்பன் இன்னும் என்னையப் பொதைச்சு முடிக்கலையா?"

"முடிச்சிட்டாரு. மண்ணு சரியா மூடலன்னு பாக்குறாரு."

சிரிப்பு அடங்கியதும் சொன்னான். "கழட்டிரு புள்ள. நாட்டை ஆண்ட ஒரு பெரிய மனுசன் மறுபடி தூக்குல போடப்போறேன்னு மேடையில பேசினாரே, நெனப்பிருக்கா? தூக்குக் கயிறு போடுற அலுகோசு வேலைக்கு ஆள் தேடுனாங்க. அப்ப இங்க பூட்டு சத்தம் கேட்டாப் போதும், பக்கத்து ஆளு நின்ன எடத்துலயே மூத்திரம் போயிருவான். ஒண்ணும் நடக்கல. நடக்காதுன்னு சொல்லவும் ஒருத்தனும் வரல. நான் வெட்டுனவன் ஒரே வெட்டுல போயிட்டான். அவனுக்கு நான் செஞ்சது பாவம். இதுக்கு என்ன பேருன்னு தெரியல."

மாரியாயி தாலியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டாள்.

"தட்டை யாரு தூக்குறா?" என்றான் திடீரென்று.

"நான்தான்."

"நீயே தூக்கு. நீயும் ஒதுங்கிட்டா, அந்தக் கல்யாணத்துல நான் எங்கயுமே இல்ல."

கல்யாணத்தன்று மாரியம்மன் கோயிலில், முகூர்த்தத்துக்குச் சற்று முன், கந்தப்பன் அவளை ஓரமாக அழைத்தார். கமிட்டி காலையிலேயே கூடிவிட்டதாம்.

"சின்னமுத்து இருக்காருன்னும் நாங்க சொல்லல, இல்லைன்னும் சொல்லல. விஷயத்தை ஒத்திவச்சிருக்கோம். நீங்க மணவறையில நிக்கலாம். தட்டைத் தொட வேணாம்."

மாரியாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கோர்ட்டுல நல்லாத்தான் படிச்சிட்டு வந்திருக்கீங்க அண்ணே. அங்கயும் இப்படித்தான். கொல்லவும் மாட்டாங்க, விடவும் மாட்டாங்க. அவங்களாச்சும் சம்பளத்துக்குச் செய்யுறாங்க."

"கோவப்படாதீங்க. பரிகாரம் இருக்கு. முனியாண்டிக்கு ஒரு கெடா வெட்டி, தோட்டத்துக்கு ஒரு சாப்பாடு..."

"அந்த மனுசன் பேருல ஒருவாட்டி தின்னாச்சு. இன்னொருவாட்டி எலை போட மாட்டேன்."

மணையில் உட்கார்ந்திருந்த விஜயலெட்சுமி, தாயின் நாத்தனார் தட்டுப் பக்கம் நகர்வதைப் பார்த்து எழுந்து நின்றாள். "அம்மா வரட்டும், அத்தை," என்றாள். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் தாய் கந்தப்பனைப் பார்த்தாள். கந்தப்பன் கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி தன் கைக்கடிகாரங்களைப் பார்த்தது.

மாரியாயி தட்டைத் தூக்கிக்கொண்டு சபைக்குள் இறங்கினாள். பெரியவர் என்பதால் முதலில் கந்தப்பனிடம்தான் நீட்ட வேண்டும். அவர் கை துண்டுக்குள் இருந்தது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முகூர்த்தம் தவறினால் பழி தன் தலையில் விழும் என்பது அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. விரல் நுனியால் தாலியைத் தொட்டு, யாருக்கும் கேட்காதபடி வாழ்த்தினார்.

அடுத்த வரிசைக்குப் போனாள். சிலர் தொட்டார்கள். சிலர் மணவறையையே பார்த்தபடி இருந்தார்கள். யாரையும் அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. கடைசி ஆளையும் தாண்டி, தட்டைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் முன்னால் நீட்டினாள். அவன் எடுத்துக் கட்டினான்.