இலை போட்ட நேரம்

சுகாதார ஆய்வாளர் நிர்மலாதேவி இருபத்து மூன்றாவது பெயரை எழுதி முடித்தபோது, வாசலில் பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். குற்றாலிங்கம் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மேலகரத்தில் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் குறை சொன்னவர் என்று ஒருவர் இருந்ததில்லை. மகள் முத்துச்செல்வியின் கல்யாணத்துக்கு மறுநாள், அதாவது நேற்று, தேங்காய்ப்பால் குழம்பான சொதியோடு விருந்து. அதில் சாப்பிட்ட இருபத்து மூன்று பேர் வாந்தியோடு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அவருக்கு அவமானமாகக்கூட இல்லை. மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடையதோ போலிருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

"குத்தாலத்துல சீசன் கூட்டம். அங்கன என்னத்தையெல்லாம் வாங்கித் திங்குதாங்களோ" என்றார்.

"இதுல பதினோரு பேரு அருவிப் பக்கமே போகலைங்கய்யா. எல்லாருக்கும் சாப்பிட்டு மூணு மணி நேரத்துல வாந்தி வந்திருக்கு. சொதி ஊத்திக்காம ரசமும் மோரும் சாப்பிட்ட ஆறு பேரு நல்லா இருக்காங்க."

"உங்க தாளு சொன்னாப் போதுமா?"

"தாளு சொல்லாது, நீங்கதான் சொல்லணும். சொதியை எத்தனை மணிக்கு இறக்குனாங்க? எத்தனை மணிக்கு இலை போட்டாங்க?"

அடுப்படி வாசலில் நின்ற சமையல்காரன் இசக்கியப்பன் தரையைப் பார்த்தான்.

சொதியில் தேங்காயின் முதல் பிழிவான தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். மறுபடி சூடாக்கினால் திரிந்துபோகும். நேற்றுப் பத்தரைக்கே இறக்கியாகிவிட்டது. செங்கோட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் அருவியில் குளித்துவிட்டு வருவதாகப் போனார்கள். அங்கே வெள்ளம் என்று போலீஸ் தடுக்க, காத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு இசக்கியப்பன் வந்து நின்றான். "அண்ணாச்சி, தேங்காப்பாலு தாங்காது. உள்ளூர்க்காரங்களுக்காவது இலையப் போட்டுருவோமா?"

"ஏலே, சம்பந்தி கை நனைக்காம என் வீட்டுல ஒரு இலை விழாது."

பத்துப் பேர் கேட்கும்படிதான் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டியதும் பிடித்திருந்தது.

"பன்னெண்டுக்கு இறக்குனான். உடனே போட்டாச்சு" என்றார் இப்போது.

நிர்மலாதேவி இசக்கியப்பனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி சொல்லுதது சரிதாம்மா. என் கைப்பக்குவந்தான் கெட்டுப்போச்சு. எம் பேருலயே எழுதிக்கோங்க."

"எழுதுனா நாளைக்குப் பண்பொழிக் கல்யாணத்துல நீங்க சமைக்க முடியாது. அதுகூடப் பரவாயில்ல. காரணம் தெரியலைன்னா, அங்கனயும் இதே மாதிரி பாலை ஊத்தி இறக்கி வச்சுட்டு யாருக்காவது காத்துக் கெடப்பாங்க."

"நான் போகல. விடுங்க" என்றான் இசக்கியப்பன். குற்றாலிங்கத்தின் பக்கம் அவன் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால் அவர் பேசாமல் இருந்திருப்பார்.

"பத்தரைக்கு இறக்குனான். ரெண்டேகாலுக்குத்தான் இலை. அவன் கேட்டான், நாந்தான் போடவிடல."

அவள் இரண்டு நேரங்களையும் எழுதினாள். தடுத்தது யார் என்று எழுதப் படிவத்தில் கட்டமே இல்லை.

"மாப்பிள்ளை வீட்டுல பதினெட்டுப் பேரு சாப்பிட்டிருக்காங்க. அவங்க எப்படி இருக்காங்க?"

அவர் இன்னும் விசாரிக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் மகளும் அவர்களோடுதான் போனாள். போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு வார்த்தை வந்ததோடு சரி. போனைப் பலமுறை எடுத்து எடுத்து வைத்துவிட்டார்.

"நம்பரைக் குடுங்க, நான் கேக்குதேன்."

"வேண்டாம். நானே கேக்கேன்."

மணி வெகுநேரம் அடித்தது. "அப்பா" என்ற முத்துச்செல்வியின் குரல் வறண்டிருந்தது. பின்னால் யாரோ வாளியை இழுக்கும் சத்தம். "உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு மாமா சொல்லிட்டாக. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு."

எதிரே பேனா காத்திருந்தது.

"யாரு யாருக்கும்மா? பெரியவுகள்ல இருந்து சொல்லு."

மகள் ஒவ்வொருவராகச் சொன்னாள். சம்பந்தியின் பெயரை, கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்தபடியே, ஊரோடு, தகப்பனார் பெயரோடு, "அவர்கள்" சேர்த்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடி அவர் உரக்கச் சொன்னார். நிர்மலாதேவி இருபத்து நான்கு என்று எழுதி, எதிரே அந்தப் பெயரை முழுக்க எழுதினாள். கீழே இருபத்தைந்து என்று போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.