டாக்டர் கொடுத்த தோல்

நுண்ணோக்கியில் பழுப்புக் கோட்டைக் காணோம்.

அவள் கண்ணை எடுத்து, கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் இருந்த பச்சை ஸ்டிக்கரை இன்னொரு தடவை பார்த்தாள். பச்சை என்றால் நல்ல தோல். நோயாளிகளின் தோலோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் தோலும் ஒவ்வொரு சோதனையிலும் வேண்டும். அதற்கு அந்த ஆய்வுக்கூடத்து ஆட்களே முறைபோட்டுக்கொண்டு, முழங்கைப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு அரிசி அளவு தோல் கொடுப்பார்கள். இந்த மாதம் தலைமை டாக்டரே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"என்னோடது காண்டாமிருகத் தோல். வைரஸ் கடிச்சா அதுக்குத்தான் பல்லு போகும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. எதற்கும் சிரிக்காததாலும், உறைபெட்டிகளுக்குப் பொறுப்பாளி என்பதாலும் அவளுக்கு அங்கே ஐஸ்பெட்டி என்று பெயர். டாக்டருக்கும் ஒரு பெயர் இருந்தது: ரெண்டு நிமிஷம். எந்த நோயாளியையும் அதற்கு மேல் அவர் பார்த்ததில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் தங்கையையும் அவ்வளவு நேரம்தான் பார்த்தார். சின்ன வயதிலிருந்தே கரப்பான் என்ற அரிப்புத் தோல்நோயோடு மல்லுக்கட்டியவள் தங்கை. திடீரென்று கன்னமெல்லாம் ஊசியால் தோண்டியது போலச் சின்னச் சின்னக் குழிப்புண்கள், கூடவே காய்ச்சல். டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினார். வந்திருந்தது வைரஸ். மற்றவர்களுக்கு உதட்டில் ஒரு கொப்புளத்தோடு அடங்கிப்போகிற அதே வைரஸ், தங்கையின் முகத்தில் வேலி இல்லாத தோட்டத்தில் மேய்கிற மாடு மாதிரி மேய்ந்தது. ஒன்பதாவது நாள் இடது கண்ணில் பார்வை போயிற்று.

விசாரணை என்று வந்தபோது மருத்துவக் குறிப்பில் இரண்டு வரிகள் புதிதாக முளைத்திருந்தன. முதல் நாளே வைரஸை அடக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது. நோயாளி அதைச் சாப்பிடவில்லை.

அப்பா அதை நம்பினார். "மாத்திரையத் தின்னிருந்தா கண்ணு இருந்திருக்கும்ல?" என்று சாகிற வரைக்கும் தங்கையைக் கரித்துக் கொட்டினார். கண் போனதைக்கூடத் தாங்கிக்கொண்ட தங்கையால் அதைத் தாங்க முடியவில்லை. அடுத்த வருடமே அக்காக்காரி இந்த ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. இரண்டு நிமிடத்தில் யார் முகம் மனதில் நிற்கும்?

காணாமல்போன பழுப்புக் கோட்டுக்கு வருவோம். நல்ல தோல் சும்மா இருப்பதில்லை. வைரஸ் வந்து உட்கார்ந்ததும் தோலின் செல்கள் குட்டிக் குட்டிப் புரதங்களைச் சுரக்கும். அவை வைரஸின் மேலுறையைக் கிழித்து எறியும். அந்தப் புரதத்துக்கு மட்டும் ஒட்டுகிற சாயத்தை ஏற்றினால் தோலின் மேல் விளிம்பு பழுப்பாகத் தெரியும், வாட்டிய ரொட்டியின் ஓரம் போல. கரப்பான் தோலில் இந்தச் சுரப்பு குறைவு. டாக்டர் மேடை மேடையாகப் பேசிக் கைதட்டல் வாங்கிய விஷயமே இதுதான்.

அந்த டாக்டரின் தோலில் பழுப்பு இல்லை. சோதனைக்காக இரண்டு நாள் முன்பு அந்தத் தோலின் மேல் தட்டில் விட்ட வைரஸ், அடிவரை தின்று தீர்த்திருந்தது.

மறுபடி சாயமேற்றினாள். அதே கதை. வெயில் காலத்திலும் அவர் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதது நினைவுக்கு வந்தது. மனிதருக்குக் கரப்பான். வெளியே தெரியாமல் வருடக்கணக்காகக் களிம்பு பூசி மறைத்திருக்கிறார். பளபளவென்று இருந்த ஓர் இடத்தைக் காட்டித் தோலெடுக்கவிட்டு, மேலே பளபளப்பாக இருந்தால் உள்ளேயும் சரியாக இருக்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை அவர் உதட்டில் ஒரு கொப்புளம் இருந்ததையும் அவள் பார்த்திருந்தாள்.

அவள் அறிக்கையை எழுதி முடிப்பதற்குள் இன்டர்காம் அடித்தது. "ஏம்மா, கொஞ்சம் என் ரூமுக்கு வா. தனியா."

அறையில் திரையை இழுத்துவிட்டிருந்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். கழுத்தில், தாடையில், வலது இமைக்கு ஒரு விரல் கீழே, ஊசியால் தோண்டியது போன்ற குழிகள்.

"அலர்ஜிதான். இருந்தாலும் ஒரு ஸ்வாப் எடுத்துப் பார்த்துடு. வெளிய மூச்சு விடாதே. நாளைக்கு டைரக்டர் போஸ்டுக்கு எனக்கு இன்டர்வியூ."

"வேற டாக்டர்கிட்ட காட்டலாமே சார்?"

"காட்டினா சாயங்காலத்துக்குள்ள கேன்டீன் வரைக்கும் போயிடும். உன் வாயிலேருந்துதான் எதுவும் வராது."

புண்ணின் அடியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு கீழே போனாள். சாயமேற்ற இருபது நிமிடம். ஒன்றோடொன்று ஒட்டிப் பூதம் போல் வீங்கிய செல்கள், வைரஸின் கைவரிசை. ஒரு போன் செய்துவிட்டு மாடியேறினாள்.

"என்ன?" என்றார்.

அவள் எதிர்நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"கண்ணு வலிக்குதா சார்?"

"லேசா உறுத்துது. ரிசல்ட்டச் சொல்லு."

"ஆறு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு வந்தா. இதே மாதிரிப் புண்ணு. நீங்க களிம்பு குடுத்தீங்க."

"எத்தனையோ பேர் வர்றாங்க. அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா?"

"கண்ணு போனப்புறம் கேஸ் ஷீட்ல ரெண்டு வரி சேர்த்தீங்க. அது ஞாபகம் இருக்கும்."

அவர் கை, தன்னையறியாமல் இமைக்குக் கீழே போய் நின்றது.

"நீ யாரு?"

"அவ அக்கா."

"மிரட்டுறியா?" என்றார்.

"மாத்திரை குடுக்கலைன்னு எழுதுங்க. அந்த ரெண்டு வரியும் அப்புறமா சேர்த்ததுன்னு எழுதுங்க. உங்க கையெழுத்துல, தேதியோட."

"எழுதலைன்னா?"

"நான் உங்களை மாதிரி பொய்யெல்லாம் எழுத மாட்டேன் சார். மெதுவா எழுதுவேன். டைப் பண்ணி, சரிபார்த்து, சீல் வச்சு... உங்களுக்கு என்ன அவசரம், அலர்ஜிதானே?"

இமைக்குக் கீழே இருந்த குழியை அவர் விரல் தடவியது. காலையில் குழிகள் தாடையோடு நின்றிருந்தன என்பது அவருக்குத் தெரியும். எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஏறும் என்பதும் தெரியும். அதைத்தான் மேடையில் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

பேனாவை எடுத்தார். மாத்திரை என்ற சொல்லில் ஒருமுறை நின்று, பிறகு எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். அவள் தாளை வாங்கி நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"இப்பவாவது சொல்லு."

கதவு தட்டப்பட்டது. பக்கத்துக் கட்டிடத்துக் கண் டாக்டரம்மா, கையில் மருந்துத் தட்டோடு உள்ளே வந்தார். பின்னால் ஒரு நர்ஸ்.

"மேல வர்றதுக்கு முன்னாடியே மேடத்துக்குச் சொல்லிட்டேன் சார். வைரஸ்தான்" என்றாள் அவள். "கண்ணு தப்பிச்சிடும்."

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். கை நீட்டினார். அவள் அதைக் கண் டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். டாக்டரம்மா ஒருமுறை படித்தார், டாக்டரின் முகத்தை ஒருமுறை பார்த்தார், எதுவும் கேட்காமல் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மருந்து எப்படியும் வரவச்சிருப்ப, அப்படித்தானே?" என்றார் டாக்டர். "நான் எழுதலைன்னாலும்?"

"எங்களுக்குத் தெரிஞ்ச வேலை அதுதான் சார். உங்களுக்குத்தான் அன்னிக்கு அப்படித் தோணல."

வராண்டாவுக்கு வந்து தங்கையை அழைத்தாள். டாக்டருக்கு வந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கண்ணு போயிடுமா அந்தாளுக்கு?"

"போகாது."

"ச்சே" என்றாள் தங்கை.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராண்டாவில் போன இரண்டு ஊழியர்கள், ஐஸ்பெட்டி சிரிப்பதைப் பார்த்து நின்றே விட்டார்கள்.

"எழுதிக் குடுத்துட்டான்டி. படிக்கட்டுமா?"

படித்தாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி.

"மாத்திரை குடுக்கலைங்கிற எடத்த மட்டும் இன்னொரு தடவ படி அக்கா" என்றாள் தங்கை. "மெதுவா."