துவைகல்லின் ஓரம்

கோரை தார்ப்பாயைப் பொத்துக்கொண்டு வந்திருந்தது. வெளிச்சம் படாமல் மூடினால் எந்தக் களையும் சாகும் என்று நம்பி, அவள்தான் கொல்லை முழுக்கக் கறுப்புப் பாய் விரித்து ஓரமெல்லாம் செங்கல் வைத்திருந்தாள். கோடை பூராவும் கிடந்தது. புல் பூண்டெல்லாம் வெந்து மக்கிவிட்டது. கோரை மட்டும் ஊசி ஊசியாகத் தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

அங்கே ஓர் அறை கட்டப் போவதாகக் கொழுந்தன் சொல்லிவிட்டான். கொத்தனார் வேலை பார்ப்பவன். கோரைக்கு மேல் தளம் போட்டால் தளத்தையே கீறிக்கொண்டு வரும் என்று அவனுக்குத் தெரியும். களைக்கொல்லி டப்பாவோடு வந்து வாசற்படியில் நின்றான்.

அவள் புருஷன், அவனுடைய அண்ணன், மூட்டை தூக்கி முதுகு போனவன், அதைக் குடித்துத்தான் செத்தான். இதே கொல்லையில், துவைகல்லில் உட்கார்ந்து குடித்தான்.

"அது உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன் தம்பி."

போக அவளுக்கு ஓர் இடமும் இல்லை. அது அவனுக்கும் தெரியும். டப்பாவை மதிலுக்கு வெளியே வைத்தான். அஸ்திவாரம் தோண்டும் ஆட்கள் வருவதற்குள் கையால் எடுத்து முடித்தால் சரி, இல்லாவிட்டால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றான்.

பாயைச் சுருட்டிவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள். கோரையைப் பிடுங்கினால் தழைதான் கைக்கு வரும். கிழங்கு மண்ணுக்குள் சிரிக்கும். ஆழமாக நெம்பி, கட்டியை உடைத்து, ஒரு கிழங்கிலிருந்து அடுத்ததற்கு ஓடும் வேரை அறுக்காமல் விரலால் தொடர வேண்டும். கொழுந்தன் பெண்டாட்டியான ஓரகத்தியும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கோரையும் உங்க கொழுந்தனும் ஒண்ணுதான்க்கா. மேலால தட்டினா அசையாது. கிழங்குல கை வைக்கணும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கடப்பாரை இறங்கும்போதெல்லாம் மண்ணிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கடைசி நாட்களில் புருஷன் இருமியதுபோல. ஓரகத்திக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

துவைகல்லின் ஓரத்தில் மட்டும் ஒரு முழம் இடத்தில் எதுவும் முளைத்ததில்லை. சோப்புத் தண்ணீர் பட்டுத்தான் என்று நினைத்திருந்தாள். தினமும் அங்கேதான் கால் கழுவினாள். மேலே தெரியாவிட்டாலும் கீழே வேர் ஓடும் என்று அங்கேயும் கடப்பாரையை ஓங்கினாள். அப்போதுதான் வேலை முடிந்து வந்த கொழுந்தன் மட்டப்பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அங்க ஒண்ணுமில்ல, விடுங்க அண்ணி."

கடப்பாரை தகரத்தில் இடித்தது.

கிழிந்த பாலித்தீன் பைக்குள் துருப்பிடித்த டப்பா. கசிந்து கசிந்து சுற்றி இருந்த மண் சாம்பலாகிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் புருஷன் வாயில் அடித்த அதே நாற்றம் எழும்பியது.

அண்ணன் குடித்த அன்றைக்குப் போலீஸ் வருமென்று பயந்து, கைக்கு அகப்பட்ட இடத்தில் புதைத்ததாகக் கொழுந்தன் மண்ணைப் பார்த்துச் சொன்னான். தூரத்தில் எறிந்துவிட்டேன் என்றுதான் அப்போது அவளிடம் சொல்லியிருந்தான்.

"அப்ப இது வெளியவே போகலையா?"

மூட்டை கட்டிவிடுவாளோ என்று ஓரகத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையை விடுவித்து, கடப்பாரையைக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

"நீயே தோண்டு. அந்த மண்ணையும் சேத்து அள்ளு."

அள்ளினான். மதிலுக்கு வெளியே வைத்திருந்ததையும் சேர்த்து இரண்டு டப்பாவையும் மண்ணையும் சாக்கில் கட்டி, விஷக்கழிவு வாங்கும் இடத்துக்குக் கொண்டுபோனான். இந்த முறை அவளும் கூடவே போய், கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள்.

அறை எழும்பிவிட்டது. துவைகல் வெளியே அப்படியே இருக்கிறது. மழைக்குப் பிறகு சுவரோரம் கோரை தலைகாட்டினால் உடனே நெம்பி எடுத்துவிடுகிறாள். துவைக்கும்போது இருமல் இன்னும் கேட்கிறது. கல்லின் ஓரத்தில் போட்ட புது மண்ணில், யாருக்கும் தெரியாமல் ஒரு கோரைக்கிழங்கை அவளே ஊன்றியிருக்கிறாள். காலையில் எழுந்ததும் குனிந்து பார்க்கிறாள்.

இன்னும் முளைக்கவில்லை.