கதியாலில் கவிழ்த்த பேணி

…படத்தை வடிவாகத்தான் கீறியிருக்கிறாள், இல்லையென்று சொல்ல முடியாது, ஒரு ரின்பால் தகரப் பேணிக்குள் இவ்வளவு நிறம் இருந்ததா, துருவில் செம்மண், செம்மண்ணுக்குள் மெல்லிய ஊதா, நசுங்கிய விளிம்பில் நீர்வண்ணம் தானாகப் பரவிக் காய்ந்த கோடு… "எந்த உயரம், ஜெயா?" ஆணியோடு ஸ்டூலில் நிற்கும் கணவன் கேட்கிறான், ஜெயகௌரியின் கண் படத்திலேயே நிற்கிறது. புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள், துஷாந்தினி ரீச்சர் மட்டும் இருக்கிறாள், படம் அவள் கீறிக் கொண்டுவந்த பரிசு. "எங்கடை வேலிக் கதியால் தடியிலை கிடந்த பேணி, ரீச்சர். சின்னனிலை பார்த்தது, மறக்கேலாமல் கிடந்தது." மறக்கவில்லையாம். யாருடைய பேணி என்பதை மட்டும் மறந்துவிட்டாளா? துஷாந்தினி வீட்டாரின் வெங்காயத் தோட்டத்தில் அம்மா புல்லுப் பிடுங்கிய காலம், குசினிக்குள் எவர்சில்வர் மின்ன, அம்மாவுக்கு வேலியில் இந்தப் பேணி, கை படாமல் உயர இருந்து தேத்தண்ணி ஊற்றுவார்கள், குடித்தபின் அம்மாவே கழுவிக் கவிழ்க்க வேண்டும்… இப்போது ஒரே பள்ளிக்கூடம், பக்கத்துப் பக்கத்து மேசை, ரீச்சர், ரீச்சர். அவள் முன்னால் வைத்த தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது.

"ஆறுது, குடியுங்கோ ரீச்சர்."

"இண்டைக்கு வெள்ளி விரதம், கோவியாதேங்கோ. சோடா எண்டால் காணும்."

மூடி திறக்காத சோடாவுக்கு விரதம் கெடாது போலும், போன வெள்ளிக்கிழமையும் மீன் ரோல்ஸ் தின்றவளுக்கு என்ன விரதம்… கேட்டுவிடலாமா, கேட்டால் திங்கட்கிழமை எந்த முகத்தோடு பக்கத்து மேசையில் இருப்பது? அம்மா குசினியிலிருந்து வருகிறாள், மேசையில் சாய்த்துவைத்த படத்தின் முன் நிற்கிறாள்.

"அப்பிடியே கிடக்குது, பிள்ளை. நசுங்கின இடமும்."

துஷாந்தினி சிரிக்கிறாள். அம்மா குனிந்து, சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியில் ஓரிடத்தைத் துடைக்கிறாள், மறுபடியும் துடைக்கிறாள், போகவில்லை… ஜெயகௌரி அப்போதுதான் காண்கிறாள், பேணியின் விளிம்பில் ஒரு துளி, அதற்கு நிறமே இல்லை, சுற்றிவரத் தீட்டிக் கடதாசியை வெள்ளையாக விட்டிருக்கிறாள், அதுதான் அப்படி மின்னுகிறது. துளி இன்னும் விழவில்லை. என்றால், கவிழ்த்த கை இப்போதுதான் விலகியிருக்கிறது, துஷாந்தினி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், கையை, கைக்குரியவளை… ஒரு துளிக்கு இவ்வளவு கவனமாக இடம் விட்டவள், இந்தத் தேத்தண்ணியை மட்டும்…

"கெதியாய்ச் சொல்லு ஜெயா, கை உளையுது. ஆணியை அடிக்கட்டே?"