பன்னிரண்டாவது தட்டு

நோட்டீஸ் அச்சாகி வந்த அன்றைக்கே அஜிதா முடிவு செய்துவிட்டாள். வழவழப்பான தாளில், சிவப்புப் பாவாடை விரிய ஸ்வப்னாவின் படம். அதன் கீழே, 'நடன அமைப்பும் இசையும்: ஹரிகுமார்'. அஜிதாவின் பெயர் கடைசியில், மைக்செட்காரருக்கு ஒரு வரி மேலே, 'கைத்தட்டு' என்று போட்டிருந்தது.

வலியசாலை வீட்டு மாடியில் ஐந்து மாதம் குதிகால் வீங்க வீங்க அந்த ஆட்டத்தைக் கட்டியவள் அவள். ஸ்பெயின்காரர்களின் ஃபிளமெங்கோ ஆட்டத்துக்குத் திருவனந்தபுரத்திலும் ஒரு குழு வேண்டும் என்று கிட்டார்காரன் ஹரிகுமாரின் வீட்டுக் கதவைத் தட்டியதும் அவள்தான். அவளுக்கு நாற்பத்துநாலு ஆனதும், மேடையில் சின்னப் பிள்ளைகள் நின்றால்தான் ஆள் வரும் என்று சொல்லி, கைதட்டித் தாளம் வைக்கிற நாற்காலியில் உட்காரவைத்தான் ஹரி. அதையும் பொறுத்துக்கொண்டு ஸ்வப்னாவுக்கு எல்லா அடிகளையும் சொல்லிக்கொடுத்தாள். பெயரை விழுங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்டபோது, நம்ம குழுதானே, இதிலே உன்னுது என்னுது என்ன இருக்கு என்று சிரித்தான்.

அவள் சண்டை போடவில்லை. ஒத்திகைக்கு ஒருநாள்கூடத் தவறாமல் போனாள்.

ஏனென்றால் ஹரியின் குடுமி அவள் உள்ளங்கையில் இருந்தது. ஃபிளமெங்கோ தாளத்துக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. வேக ஆட்டத்தில் அந்தச் சுற்று ஒன்றில் தொடங்காது, பன்னிரண்டில் தொடங்கும். ஹரியோ மிருதங்கக்காரரின் மகன். ஒன்றில் விழுந்தால்தான் அவனுக்குத் தொடக்கம். ஆறு வருடமாகியும், வேகம் ஏறினால் ஓர் எண்ணிக்கை தள்ளிப் போய் நிற்பான். அதனால் முதல் வருடமே அஜிதா ஒரு வழி செய்தாள். பன்னிரண்டாவது தட்டை மட்டும் கையைக் குழித்துக் கொஞ்சம் கனமாகத் தட்டுவாள். மற்றவர் காதுக்கு அது பிடிபடாது. அதைப் பிடித்துக்கொண்டு அவன் நடப்பான். நாள்போக்கில், தானே எண்ணுவதாகவும் நம்பத் தொடங்கிவிட்டான்.

நிகழ்ச்சியன்று வழுதக்காட்டு அரங்கின் முன்வரிசையில் கொச்சியிலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே நடக்கப்போகும் பெரிய விழாவுக்குக் குழு தேடி வந்தவர்கள். ஹரி பட்டு ஜிப்பா போட்டிருந்தான்.

முதல் ஆட்டம் மெதுவானது, குறையில்லாமல் போயிற்று. இரண்டாவது வேகமெடுத்தது. அஜிதா கையைக் குழிக்கவில்லை. பன்னிரண்டு எண்ணிக்கையில் அழுத்தம் விழவேண்டிய ஐந்து இடத்திலும் ஒரே கனம், ஒரே சுத்தம். தாளம் தெரிந்த எவரும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது சுற்றில் ஹரி வழுக்கினான். ஸ்வப்னா குதிகாலை ஓங்கி அடித்துக் கிட்டாரை முடிக்கச் சொன்னாள். அது ஓர் எண்ணிக்கை தாமதமாக வந்து அவள் பாதத்துக்குக் குறுக்கே விழுந்தது. ஸ்பானியப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிற ராஜையன் தாளிலிருந்து தலையைத் தூக்கி, எங்கே சேருவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டான். ஸ்வப்னா அஜிதாவின் கைகளைப் பார்த்துக்கொண்டே எப்படியோ ஆடி முடித்தாள். கொச்சிக்காரர்களில் ஒருவர் மற்றவரின் காதில் ஏதோ சொன்னார்.

இடைவேளையில் ஹரி உடைமாற்றும் அறைக்கு ஓடி வந்தான். ஜிப்பா முதுகோடு ஒட்டியிருந்தது.

"அந்தக் கனத்த அடியை என்னத்துக்கு விட்டே?"

"எந்த அடி?"

"பன்னிரண்டு. வெளையாடாதே அஜிதா."

"இசையமைச்ச ஆளுக்கு எண்ணத் தெரியாதா அண்ணா?"

கதவுப் பக்கம் ஒரு கண் வைத்தபடி அவன் குரலைத் தணித்தான். முன்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமல்லவா, இது போனால் குழுவே போச்சு, என்ன வேணுமானாலும் செய்கிறேன் என்றான்.

"மைக்கில போய்ச் சொல்லுங்க. இந்த ஆட்டம் ஆருதுன்னு."

தலையில் பூச் செருகிக்கொண்டிருந்த ஸ்வப்னாவின் கை நின்றது. "இது சேச்சியோட ஆட்டமா? ஹரியண்ணன் உண்டாக்கினதுன்னுல்லே எங்கிட்ட சொன்னாங்க."

எல்லாம் முடிந்ததும் சொல்கிறேன் என்று ஹரி அஜிதாவிடம் கெஞ்சினான். இப்போதே சொன்னால்தான் அந்தத் தட்டு உண்டு என்றாள் அஜிதா.

இரண்டாம் பாதி தொடங்கும் முன் அவன் மைக்கின் முன்னால் போய் நின்றான். அஜிதா நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடப் பழக்கம், வலது கை தானாகவே குழிந்தது. அவனும் மலையாளத்தில் பதவிசாகவே தொடங்கினான். நடனத்தை அமைத்தது அஜிதா என்றான். கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் இன்னொன்றையும் சேர்த்தான். அச்சகத்தில் அவள் பெயர் விட்டுப்போய்விட்டது, அவர்கள் செய்த பிழைக்குத் தான் மன்னிப்புக் கேட்பதாக.

அஜிதாவின் கை தட்டையாக விரிந்தது.

ஹரி திரும்பி வந்து, பாரம் இறக்கிவைத்த முகத்தோடு அவளைப் பார்த்துத் தலையசைத்தான். ஆட்டம் வேகத்துக்கு வந்ததும் கனத்த தட்டுக்காகக் காதைக் கொடுத்தான். வரவில்லை. அடுத்த சுற்றிலும் வரவில்லை. அவன் விரல்கள் இரண்டு முறை தடவிப் பார்த்து, இரண்டு முறையும் தப்பான இடத்தில் விழுந்தன. பிறகு உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்து அழுத்தி ஓசையை நிறுத்திவிட்டு, சபைக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தான்.

ஸ்வப்னா கிட்டாரை விட்டு விலகி அஜிதாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து ஆடினாள். இன்னும் வேகம் வைத்தால் அந்தப் பெண்ணின் கால் தாங்கும், ஹரி மறுபடி ஏறிக்கொள்ள முடியாது என்று அஜிதாவுக்குத் தெரியும்.

வேகத்தைக் கூட்டினாள்.