வாசல்வரை கார்

நகராட்சிக்காரர்கள் மின்கம்பத்தில் ரேமண்ட் கேட்ட அனுமதி பற்றிய மஞ்சள் அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போன அன்று சாயங்காலமே, பக்கத்து வீட்டு க்வெண்டா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன் ரேமண்ட், ரோஜாவையெல்லாம் பிடுங்கிட்டு உன் டப்பா காரை நிறுத்தப் போறியாமே? ஜன்னல்ல மூக்கை வச்சு அது நோரீனை முறைச்சுக்கிட்டே நிக்கும், பாவம்."

"அவளால நடக்க முடியல. உன் கண்ணுக்கு அழகா இருக்கணும்னு என் பொண்டாட்டி சாகணுமா?"

க்வெண்டா சற்று அடங்கினாள். "அவ என்ன சொல்றா?"

"உன் இஷ்டம்னுட்டா."

"ஓ," என்றாள் க்வெண்டா. தலையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நோரீனுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அவர்கள் இருந்த தெருவில் வாசலருகே இடம் கிடைக்காது. காரைத் தேவாலயத் திருப்பத்தில் நிறுத்திவிட்டு ரேமண்ட் அவளைத் தாங்கித் தாங்கி அழைத்துப் போவார். போன குளிர்காலத்தில் பனியில் சறுக்கி, யார் வீட்டு மதிலிலோ உட்கார்ந்துவிட்டாள். மூச்சு அடங்கியதும் சொன்னாள்: "ஒரு நாள் இந்த நடையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்னு இருந்துடப் போறேன், ரே." டயாலிசிஸை விட்டுவிட்டால் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று தாதி ஏற்கனவே ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். ரேமண்ட் காதில் நடை மட்டுமே விழுந்தது.

பழமை மாறாமல் காக்கப்படும் தெரு அது. முன்மதிலை இடித்துத் தோட்டத்தில் கல் பாவ அனுமதி வாங்க வேண்டும். அவர் வரைபடம் கொடுத்தார், மருத்துவர் சான்று கொடுத்தார், தொலைபேசியில் மல்லுக்கட்டினார். பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்தவர். மேலதிகாரி "நல்ல யோசனைதான்" என்றால் அது குப்பைக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியும். அந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. வீட்டுக்குள் மட்டும் அவர் வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய அம்மா வீட்டுக்கு அருகில் இங்கே குடிவந்தபோதும் நோரீன் "உன் இஷ்டம்" என்றுதான் சொன்னாள். அதன்பிறகுதான் அந்த முன்பக்கத்து மண்ணைக் கொத்தி ரோஜா வைக்கத் தொடங்கினாள்.

பார்வையிட வந்த இளம் அதிகாரி அளவெடுத்து முடித்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் இருந்த நோரீனிடம் குனிந்து கேட்டாள். "உங்களுக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்லையே, மிஸஸ் த்வெய்ட்?"

"எனக்கென்னம்மா. பிஸ்கட் எடுத்துக்கோ."

அவள் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். அனுமதி வந்தது.

மண் தோண்டும் இயந்திரம் வந்த நாளில் ரேமண்ட், "உன் தங்கச்சி வீட்டுல போய் இரேன், ஒரே இரைச்சலா இருக்கும்," என்றார்.

"இல்ல. பாக்கறேன்."

பார்த்தாள். ரோஜாக்கள் வேரோடு குப்பை வண்டியில் ஏறின. அவர் வைத்த தேநீர் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. சாயங்காலம், "நல்லா வேலை செய்யறாங்க," என்றாள். அவருக்கு அதுவும் மகிழ்ச்சியாக இருந்தது.

கல் பாவி முடிந்த திங்கட்கிழமை, காரை வாசலோடு ஒட்டி நிறுத்தினார். அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வா நோர், மகாராணி மாதிரி போகலாம். கதவைத் திறந்தா கார்."

அவள் திரும்பவில்லை. ஜன்னல் முழுவதையும் காரின் சாம்பல் நிற முகம் அடைத்திருந்தது.

"இன்னிக்கு வேண்டாம், ரே."

"என்ன விளையாடறியா? வண்டி வாசல்லயே நிக்குதே."

"ஆமா. நிக்குது."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே போய் அதை நிறுத்திவிட்டு வந்தார். அவள் எதிரே, கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தையிடம் பேசுவதுபோல் கேட்டார்.

"சரி. புதன்கிழமை போகலாமா?"

நோரீன் அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"உன் இஷ்டம், ரே."

இந்த முறை அவருக்குப் புரிந்தது.